தேதி போட்ட புட்டிகள்

எங்கள் வீட்டில் எண்ணெய்ப் புட்டிகளுக்குச் சீட்டு ஒட்டும் வழக்கத்தை ஆரம்பித்தவன் நான். மாதம், கிழமை, திதி எல்லாம் அதில் இருக்கும். உள்ளே இருப்பது என்ன எண்ணெய் என்பது மட்டும் இருக்காது. எண்ணெயை முகர்ந்து கண்டுபிடித்துவிடலாம், தேதியை முகர முடியாது என்பது என் வாதம்.

அப்போது ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பு ஒன்றில் எழுத்து வேலை பார்த்தேன். வயது முப்பதை எட்டவில்லை. உச்சித் தலை மட்டும் வழுக்கை விழுந்து ஐம்பதை எட்டிவிட்டது. என்னைப் பார்க்க வந்த இரண்டு பெண் வீட்டார், "பையனுக்கு வயசு ஜாஸ்தி போல" என்று எழுந்து போனார்கள். பிறந்த நாழிகை வரை எழுதிக் காட்டினேன். அவர்கள் என் காகிதத்தைப் பார்க்கவில்லை, தலையையே பார்த்தார்கள்.

மூன்றாவதாகப் பேரணாம்பட்டிலிருந்து ஒரு வீட்டார் வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். இதையும் விட்டால் இனி வரன் வராது என்று அக்காள் சொல்லிவிட்டாள். நான் மருத்துவ ஏடுகளைப் புரட்டினேன். கரிசலாங்கண்ணி, நெல்லிக்காய், செம்பருத்தி என்று மூன்று முறைகள் கிடைத்தன. எதையும் விட மனமில்லாமல் மூன்றையும் ஒரே சட்டியில் தேங்காய் எண்ணெயோடு காய்ச்சினேன். அதே நாளில், செருப்புக்குப் பூச ஷாப்பிலிருந்து கொஞ்சம் புங்க எண்ணெயும் கொண்டுவந்திருந்தேன். ஒரே மாதிரியான இரண்டு பழுப்புப் புட்டிகளில் ஊற்றி, ஒழுங்காகச் சீட்டு ஒட்டினேன். இரண்டிலும் ஒரே தேதி.

அவர்கள் வந்த ஞாயிறன்று விடியற்காலையில் தலைக்குத் தாராளமாக எண்ணெய் வைத்துப் படிய வாரினேன். வாடை எதுவும் தெரியவில்லை. வாரத்தில் ஆறு நாளும் தோல் கிடங்கில் உட்கார்ந்திருப்பவன் மூக்குக்கு அது வாடையே அல்ல.

பெண்ணின் தகப்பனார் தோல் ஷாப்பு மேஸ்திரி. பலகாரத்தைத் தொடுவதற்குள் மூக்கைச் சுருக்கினார்.

"தம்பி, இன்னிக்கும் வேலைக்குப் போய்ட்டு வந்தீங்களா?"

"இல்லீங்க, ஞாயித்துக்கெழம லீவு."

"அப்ப இன்னாத்துக்கு புங்கெண்ண வாட அடிக்குது?"

அக்காள் தன் தலையில் கை வைத்தாள். "டேய், எந்தப் புட்டிய எடுத்த?"

நான் உள்ளே ஓடிப் புட்டியைக் கொண்டுவந்து நீட்டினேன். தேதி என்னைக் காப்பாற்றும் என்று உண்மையாகவே நம்பினேன். "பாருங்க, ஆவணி மாசம், வளர்பிறை பஞ்சமி."

அவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "தேதி சுத்தமாக் கீது. பேரு எங்க?"

அவரே மூடியைத் திறந்து முகர்ந்துவிட்டு என் தலையைப் பார்த்தார்.

"சுண்ணாம்புக் குழியில போட்டு முடிய எடுத்துட்டு, ஆவாரம் பட்டத் தண்ணியில ஊற வெச்சி, கடைசியாத் தான் தோலுக்கு இந்த எண்ணெ போடுவோம். தம்பிக்கு முடி எடுக்குற வேல பாதி முன்னாடியே முடிஞ்சிப் போச்சி!"

உடன் வந்தவர்கள் சிரித்த சிரிப்பில் காப்பி சிந்தியது. அவர்கள் பதில் சொல்லாமலே கிளம்பினார்கள். அன்றைய நாட்குறிப்பில் கிழமையை மட்டும் எழுதி மூடிவைத்தேன்.

ஒன்பதாம் நாள் மேஸ்திரி தனியாக வந்தார். வீட்டில் நடந்ததைச் சொன்னபோது மகள் வயிறு வலிக்கச் சிரித்தாளாம். பிறகு, "வயச மறைக்கல, புட்டியையும் மறைக்கல. பேரு எழுதத் தானே ஆள் இல்ல? நான் எழுதுறேன்" என்றாளாம். மிஷன் பள்ளியில் படித்தவள்.

தை மாதம் கல்யாணம். வந்த வாரமே ஒரு புட்டியில் 'தலை' என்றும் மற்றதில் 'தோல்' என்றும் எழுதி ஒட்டினாள். தேதி போடும் உரிமையை எனக்கே விட்டுவிட்டாள். சில வருஷங்களில் என் தலையில் மிச்சமிருந்ததும் போனது. ஒரு நாள் எண்ணெய் தேய்த்துக்கொள்ளப் புட்டி கேட்டேன்.

அடுக்களையிலிருந்தே சொன்னாள்: "எது கைக்கு வருதோ எடுத்துக்குங்க. இனிமே ரெண்டும் ஒண்ணு தான்."