எனக்கு ஏற்றிப்போட்ட வயது

என் அக்கா என்னைவிட இரண்டு வயது மூத்தவள். இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன். ஏனென்றால் என் புகுந்த ஊரில் யாரைக் கேட்டாலும் நான்தான் அக்கா, அவள் தங்கை என்பார்கள்.

எல்லாம் பள்ளிக்கூடத்தில் தொடங்கியது. சுதந்திரம் வந்து சில வருஷம் ஆகியிருக்கும். அக்காவைத் தனியாக அனுப்ப ஆத்தாவுக்கு மனசில்லை. நான் வளர்ந்து துணைக்குப் போகும்வரை அவளை வீட்டிலேயே வைத்திருந்து, இரண்டு பேரையும் ஒரே நாளில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். பிறந்த தேதி யாருக்கும் ஞாபகமில்லை. அந்தக் காலத்து வழக்கப்படி வாத்தியார் எங்களை வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொடச் சொன்னார். நான் சின்ன வயதிலேயே வாட்டசாட்டம். என் விரல் காதைத் தாண்டிக் கன்னத்துக்கு வந்தது. அக்கா குச்சி உடம்பு. எக்கி எக்கிப் பார்த்தாள், எட்டவில்லை. எனக்குத் துணையாக வந்த சின்னப்பிள்ளை என்று நினைத்து அவளையும் சேர்த்துக்கொண்டு, எனக்கு வயதைக் கூட்டியும் அவளுக்குக் குறைத்தும் வாத்தியார் எழுதிக்கொண்டார். அப்பா வாத்தியாரை எதிர்த்துப் பேசுகிற ஆளில்லை. வீட்டில் அது வெகுநாள் சிரிப்பாக ஓடியது. அவளைச் சீண்ட வேண்டுமென்றால் “ஏ தங்கச்சி” என்று கூப்பிடுவேன். விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு துரத்துவாள்.

எங்கள் ஊரிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் ஸ்பெயின் தேசத்துக் கன்னியாஸ்திரீகள் ஒரு சிறிய ஆஸ்பத்திரி நடத்தினார்கள். எட்டாவது முடித்த பிறகு அங்கே புண்ணுக்குக் கட்டுப்போடும் அறையில் வேலைக்குச் சேர்ந்தேன். தலைமை மதருக்குத் தமிழ் அரைகுறை. நோயாளி சொல்வதை நான் அவர் பாஷையில் எடுத்துச்சொல்ல வேண்டியிருந்தது. யாரும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. தப்பாகச் சொல்லித் திட்டு வாங்கித்தான் கற்றுக்கொண்டேன்.

அதில் என்னைப் பாடாய்ப்படுத்தியவை பெரிது, மூத்தது, பழையது என்கிற சொற்கள். குடுமியான்மலைப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஓர் அம்மாளைக் காட்டி ஒருநாள் ‘பியெஹா’ என்று சொல்லிவிட்டேன். மதருக்கு முகம் கறுத்துப்போனது. அது பழைய வண்டிக்கும் கிழிந்த பாய்க்கும் சொல்கிற சொல்லாம். மனுஷியைச் சொன்னால் கிழடு என்று மூஞ்சிக்கு நேரே சொன்ன மாதிரி. வயதானவர்களை மரியாதையாக ‘மயோர்’ என்று சொல்ல வேண்டும். கூடப் பிறந்தவர்களில் மூத்தவருக்கும் அதே சொல்தான். உடம்பு பெரிது என்றால் ‘கிராந்தே’. பழையது என்பதாலேயே மதிப்புக் கூடிய பொருள் என்றால் ‘அந்தீகுவோ’.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அன்றைக்குக் கற்றதையெல்லாம் அக்காவிடம் கொட்டினால்தான் எனக்குச் சோறு இறங்கும். இருவரும் விதைக்கடலை உடைத்துக்கொண்டே பேசுவோம். கண்மாய் கிராந்தே. அப்பாவின் வண்டி பியெஹோ, அந்தப் பாஷையில் வண்டி ஆண்பாலாம். கொடும்பாளூர்க் கற்கோயில் அந்தீகுவோ. அவளுக்கு இரண்டுமுறை சொல்ல வேண்டியதில்லை. “கிராந்தே நான், மயோர் நீ. உடம்புக்கு ஒண்ணு, வயசுக்கு ஒண்ணு, மாத்திப்புடாத” என்பேன். அவள் சிரித்துக்கொண்டே திருப்பிச் சொல்வாள். ஒரு பாஷையை ஆளுக்குப் பாதியாகத் தின்றுகொண்டிருக்கிறோம் என்று நினைத்தேன். எவ்வளவு அசடாக இருந்திருக்கிறேன்.

மதர் ஊருக்குத் திரும்பும்போது ஒரு பெண்ணைக் கூட்டிப்போய்த் தங்கள் பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிப்புக்குச் சேர்ப்பதாகச் சொன்னார். கல்யாணம் நிச்சயமாகாத பெண்ணாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். உன்னைத்தான் நினைத்திருக்கிறேன் என்று என்னிடமே சொன்னார். மதம் மாறச் சொல்வார்களோ என்று ஆத்தா பயந்தாள். மதர் நேரில் வந்து அப்படியெல்லாம் இல்லை என்று சொன்ன பிறகு அப்பாவும் தலையாட்டினார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பம்பாயில் கப்பல் ஏற வேண்டும் என்றார்கள். நான் பார்த்த தண்ணீரில் பெரியது எங்கள் கண்மாய்தான். இருந்தும் பயம் வரவில்லை.

அந்தச் சமயத்தில் அக்காவுக்கு ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளைக்கு ஜெகதாப்பட்டினத்துப் பக்கம். கடற்கரையில் கருவாடு வாங்கிச் சந்தைகளில் விற்கிற வியாபாரம். தூரத்துச் சொந்தம், நல்ல குடும்பம். மூத்த பெண்ணைக் கேட்டுத்தான் வந்தார்கள். எங்களில் யாரையும் அவர்கள் முன்னே பார்த்ததில்லை.

பெண் பார்க்க வந்த அன்று நான் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்தபோது அக்கா போர்த்திப் படுத்திருந்தாள். தலைவலியாம். ஆத்தா தன் பட்டுச்சேலையை என் கையில் கொடுத்து, கட்டிக்கொண்டுபோய் வந்தவர்களுக்குக் காப்பி கொடு என்றாள். அக்காவுக்கு முடியாததால் உபசாரத்துக்கு அனுப்புகிறாள் என்றுதான் நினைத்தேன். தட்டை வைத்துவிட்டு நிமிர்ந்தேன். மாப்பிள்ளையின் தாயார் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “மூத்த பொண்ணு இதுதானேங்க?” என்று கேட்டார். அப்பா என்னைப் பார்க்கவில்லை.

“ஆமாங்க. இதுதான் மூத்தது” என்றார்.

பெரிய பெண் என்று சொல்லியிருந்தால்கூட, என் உடம்பைச் சொன்னார் என்று மனதைத் தேற்றியிருப்பேன். மூத்தது என்றே சொன்னார். சபையில் அப்பாவைப் பொய்யராக்க எனக்கு வாய் வரவில்லை. வெற்றிலை பாக்கு மாற்றிவிட்டார்கள். உண்மை தெரிந்த ஊர்க்காரர்களும், ஒரு கல்யாணத்தைக் கெடுத்த பழி நமக்கெதற்கு என்று வாயை மூடிக்கொண்டார்கள்.

மறுநாள் விடிந்ததும் மதரிடம் ஓடினேன். அவர் என்னைக் கட்டிக்கொண்டு வாழ்த்துச் சொன்னார். அக்கா எனக்கு முன்பே, நான் வேலையில் இல்லாத ஒரு நாளாகப் பார்த்து வந்து பேசியிருக்கிறாள். மூத்தவளுக்குக் கல்யாணம் பேசிவிட்டார்கள், இளையவள் நான் வருகிறேன் என்று அவர் பாஷையிலேயே சொல்லியிருக்கிறாள். கொடும்பாளூர்க் கோயிலைப் பற்றிக்கூடச் சொன்னாளாம், அந்தீகுவோ என்று சரியாகச் சொன்னாளாம். உன் தங்கை கெட்டிக்காரி என்று மதர் மெச்சிக்கொண்டார். அவள் என் தங்கை இல்லை, அக்கா என்றேன். மதர் என் தோளையும் கையையும் பார்த்தார். பள்ளிக்கூடத்துச் சர்ட்டிபிகேட்டும் அப்படிச் சொல்லவில்லையே என்றார். பிறகு மெதுவாக, பொறாமை கூடாது மகளே என்றார்.

வீட்டுக்குத் திரும்பி அக்காவை உலுக்கி எழுப்பினேன். அவள் அழவும் இல்லை, மறைக்கவும் இல்லை.

“எனக்கு அந்தக் கருவாட்டு வாடை ஆகாதுடி. நீ ஒடம்புக்காரி, எங்கிட்டுப் போனாலும் பொழச்சுக்குவ” என்றாள்.

ஆத்தா அடுப்படியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்டபடியே சோறு வடித்தாள். அக்கா மறுத்தால் வரனும் போகும், அவளை அடக்கவும் முடியாது. நான் அடங்கிவிடுவேன் என்று மூன்று பேரும் கூடிப் பேசி முடிவெடுத்திருக்கிறார்கள். அக்கா செய்ததைக்கூட ஒரு மாதிரி விழுங்கிவிட்டேன். அப்பாவும் ஆத்தாவும் செய்தது இன்னும் தொண்டையிலேயே நிற்கிறது.

என் கணவர் நல்ல மனிதர். அதுதான் எனக்குப் பூட்டாகப் போனது. நீங்கள் கேட்டு வந்த பெண் உங்களை வேண்டாமென்றாள், உங்கள் தொழிலின் வாடையை நினைத்துப் போர்த்திப் படுத்துக்கொண்டாள் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? அவர் தப்பு ஒன்றுமில்லையே. அதனால் எனக்கு ஏற்றிப்போட்ட வயதைச் சுமந்துகொண்டு குடித்தனம் செய்தேன்.

அறுபதுகளின் கடைசியில் அக்கா லீவில் வந்தாள். கூட வேலை பார்க்கிற ஸ்பெயின்காரப் பெண் ஒருத்தியையும் எங்கள் வீட்டுக்கு அழைத்துவந்தாள். முற்றத்தில் நெத்திலி காய்ந்துகொண்டிருந்தது. அக்கா கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்கவில்லை. என் கணவர் இளநீர் வெட்டிக்கொண்டுவந்து வைத்தார். அக்கா என் தோளில் கைபோட்டு, அந்தப் பெண்ணிடம் என்னைத் தன் ‘மயோர்’ என்று அறிமுகப்படுத்தினாள்.

அந்தச் சொல்லை அவளுக்குக் கொடுத்தவளே நான். தமிழில் வாய் திறந்தால் என் கணவருக்குத் தெரிந்துவிடும். அந்தப் பாஷையில் சொல்லலாமே. இத்தனை வருஷம் பேசாத பாஷை தடுமாறிக்கொண்டுதான் வந்தது. ஆனால் அந்த இரண்டு சொல்லும் தடுமாறவில்லை. என்னைத் தொட்டுக் காட்டி ‘கிராந்தே’ என்றேன். அக்காவைத் தொட்டு ‘மயோர்’ என்றேன்.

வந்தவள் புரியாமல் அக்காவைப் பார்த்தாள். அக்கா சிரித்தபடி வேகமாக ஏதோ சொன்னாள். எனக்குப் புரியாது என்று நினைத்துக்கொண்டாள் போல. பாவம், இவளுக்கு இந்த இரண்டு வார்த்தையும் எப்போதும் குழம்பும் என்றாள்.

அந்தப் பெண் நல்லவள். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பித்தளைக் குடத்தைக் காட்டி நிறுத்தி நிதானமாக ‘கிராந்தே’ என்றாள். என் பிள்ளைகள் இரண்டு பேரையும் இழுத்து நிறுத்தி, மூத்தவள் தலையில் கைவைத்து ‘மயோர்’ என்றாள். புரிகிறதா என்று என் முகத்தைப் பார்த்தாள். என் கணவர் பெருமையாகச் சிரித்துக்கொண்டு நின்றார். நான் தலையை ஆட்டினேன். திருப்பிச் சொல்லச் சொன்னாள், சொன்னேன். அக்கா இளநீரைக் குடித்துக்கொண்டிருந்தாள்.

பஸ் வந்தது. ஏறும் முன் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி, “வாரேன்க்கா” என்றாள்.