முட்டை நாற்றம்

மாரண்டஹள்ளி பஸ் ஸ்டாண்டு பக்கம் எங்கள் பானிபூரி வண்டி நின்ற இடத்தில் இப்போது ஒரு செல்போன் கடை இருக்கிறது. அந்த வழியாகப் போனால் ஒரு நிமிடம் நின்றுவிட்டுத்தான் நகருவேன். ஏக்கம்தான், வேறென்ன.

உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்தபோது எனக்கு ஐந்து வயது. அப்பா கட்டட வேலையை விட்டு வண்டி போட்டபோது பத்து. அதற்குள் எனக்குத் தமிழ் தண்ணீர் பட்ட பாடு. அப்பாவோ "வாங்க", "காரமா?" இரண்டையும் தாண்டவில்லை. பள்ளி விட்டதும் யூனிஃபார்மோடு வண்டிக்கு ஓடிவிடுவேன்.

"ஏம் பாப்பா, தண்ணி கெட்டுப் போச்சா? அழுவுன முட்ட நாத்தம் அடிக்குதே?" என்றார் கொத்தமல்லி விற்கும் அக்கா.

அது பானியில் போடும் கறுப்பு உப்பின் வாசம். எங்கள் வீடோ சைவம், முட்டை என்ற பேச்சையே எடுக்க மாட்டோம். என்ன சொல்கிறார் என்பதுபோல அப்பா என்னைப் பார்த்தார்.

"ரொம்ப நன்றாக இருக்கிறதாம்" என்றேன் இந்தியில். அதன்பின் யார் முகம் சுளித்தாலும் அதே பொய்தான்.

பாராட்டியவர்கள் ஏன் திரும்பி வருவதில்லை என்று அப்பா மண்டையை உடைத்துக்கொண்டார். கடைசியில், "இந்த வாரச் சந்தையையும் பார்ப்போம். இல்லையென்றால் வண்டியை விற்றுவிட்டு ஊருக்குப் போகலாம்" என்றார். எனக்குப் பகீரென்றது. என் பள்ளி, என் தோழிகள், எல்லாம் இங்கேதான். கெடுத்தவளும் நான்தான்.

அம்மா அரைத்துத் தரும் புதினாவில் பானி கலக்குவது என் வேலை. சந்தையன்று கறுப்பு உப்பைப் பேருக்குப் போட்டேன். புளியைக் கூட்டி, பக்கத்து வீட்டில் வாங்கிய ரசப்பொடியையும் அள்ளிப் போட்டேன். விற்கும் முன் வாயில் வைத்தால் எச்சில் என்பது அப்பாவின் சட்டம். மோந்துதான் பார்ப்பார். அன்று மோந்தார். மறுபடியும் மோந்தார். பிறகு பானியை மூடிவைத்தார்.

கொத்தமல்லி அக்கா என்ன நினைத்தாரோ, ஒரு பூரி வாங்கினார். பிறகு, "இன்னுங் கொஞ்சம் தண்ணி ஊத்துங்க" என்று மூன்று முறை தட்டை நீட்டினார். நாலு பேரைக் கூட்டியும் வந்தார். பொழுது சாயும் முன்பே பூரி தீர்ந்துவிட்டது.

மறுநாள் மளிகைப் பையிலிருந்து அப்பா ஒரு ரசப்பொடி பாக்கெட்டை எடுத்து என் கையில் வைத்தார்.

"நேற்று மோந்தபோதே தெரிந்துவிட்டது. இனிமேல் வாங்குகிறவர்கள் சொல்வதை அப்படியே சொல். கேட்டுக்கொள்ள எனக்குத் தெம்பு இருக்கிறது."

அழுதுகொண்டே முட்டை விஷயத்தைச் சொன்னேன். அப்பாவின் முகம் கோணியது. பிறகு சிரித்துவிட்டு, வண்டியைத் துடைக்கத் துணி எடுத்துவரச் சொன்னார்.