பளார் அக்காவின் வலது கை

துறைமுகத்தில் அவளுக்குப் பளார் அக்கா என்றுதான் பெயர். திமிங்கிலம் காட்டும் படகு ஒன்றை ஓட்டினாள். தாய்த் திமிங்கிலத்துக்கும் குட்டிக்கும் நடுவில் படகை விட்ட ஒருவனைப் போன இலையுதிர்காலத்தில் அறைந்தாள். அதற்கு முன்பு, கடற்பறவையின் மேல் பாட்டிலை எறிந்த பயணியை. இனி யார்மேலாவது கை நீட்டினால் உரிமம் போய்விடும் என்று துறைமுக அதிகாரி கறாராகச் சொல்லியிருந்தார்.

அவள் புருஷன் கரையில் டிக்கெட் கொடுப்பவன். படகில் கால் வைத்தாலே குடலைப் பிடுங்க வாந்தி எடுப்பான். சண்டை என்றால் கால் வைப்பதற்கு முன்பே எடுப்பான். தினமும் காலையில் அவளுடைய வலது மணிக்கட்டில் ஒரு ரப்பர் வளையத்தை மாட்டிவிடுவான்.

"கோவம் வந்தா இதை இழுத்து விட்டுக்கோ. உனக்கு மட்டும் வலிக்கட்டும், அடுத்தவனுக்கு வேணாம்."

அவன்மேல் அவளுக்குக் கொள்ளை ஆசை. அதனால் பேசாமல் கையை நீட்டுவாள். சாயங்காலம் பார்த்தால் மணிக்கட்டு பழுத்துப்போயிருக்கும். வீட்டுக்குள் அரை நாள் இருந்தாலே மூச்சு முட்டுகிறவள் அவள். அந்தப் படகு போனால் தனக்கு வேறு ஒன்றும் இல்லை என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

இலையுதிர்காலத்தில்தான் தொழிலில் நாலு காசு பார்க்க முடியும். திமிங்கிலங்கள் கூட்டமாக இடம்பெயரும். பாறைகளில் பிறந்த கடல்நாய்க் குட்டிகள் முதல்முறையாகத் தண்ணீரில் இறங்கும். அவற்றைத் தின்னக் கருப்பும் வெள்ளையுமான கொலைகாரத் திமிங்கிலங்கள் வரும். அவை அருகில் வந்துவிட்டால் இன்ஜினை நிறுத்திவிட வேண்டும், விலகிப் போகும்வரை கிளப்பக் கூடாது. அடியில் சுழலும் விசிறிக்கு எந்த உயிரும் ஒன்றுதான்.

படகைக் கரைக்கு இழுக்கும் கொக்கிக்கழியைத் தன் பக்கத்திலேயே கட்டிவைப்பது அவள் வழக்கம். அன்றைக்குக் கிளம்பும் அவசரத்தில், தண்ணீரை ஒட்டித் தாழ்வாக இருக்கும் பின்தட்டிலேயே போட்டுவிட்டாள்.

பாறைகளைத் தாண்டியதுமே கொலை ஆரம்பித்துவிட்டது. அவள் இன்ஜினை நிறுத்தினாள். வாலால் ஒரே அடி. பெரிய கடல்நாய் ஒன்று வீட்டுக்கூரை உயரத்துக்குப் பறந்தது. விழுவதற்குள் இன்னொன்று வாயில் கவ்வி, துணி கிழிப்பதுபோல் கிழித்தது. தண்ணீர் சிவந்தது. பயணிகள் கைதட்டினார்கள். மைக்கில் விளக்கம் சொல்லும் அவளுடைய நாத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அந்தச் சிவப்புக்குள்ளிருந்து ஒரு கடல்நாய்க் குட்டி பாய்ந்து வந்து படகின் பின்தட்டில் ஏறியது. உடம்பெல்லாம் வெடவெடவென்று நடுங்கியது.

"இதை எறக்கி விடுங்க! வேட்டையைப் பாக்கத்தானே வந்திருக்கோம்?" என்றார் பெரிய கேமராவோடு வந்திருந்த ஒருவர். யாரும் அசையவில்லை. அவரே கொக்கிக்கழியை எடுத்துக் குட்டியின் கழுத்தில் குத்தினார். அது வீறிட்டது.

பளார் அக்கா வளையத்தை இழுத்து விட்டாள். சுரீர். அவர் மறுபடி குத்தினார். அவளும் மறுபடி இழுத்தாள். வளையம் அறுந்துபோனது.

"அண்ணி, வேணாம் அண்ணி! லைசென்ஸ் போயிடும்!" நாத்தனார் மைக்கை அணைக்காமலே கத்தினாள். கடல் முழுக்கக் கேட்டது.

பளார்! கேமராக்காரரின் பல் ஒன்று தெறித்தது. அவர் கழியைச் சுழற்றி அவள் தோளில் போட்டார். அவள் மூக்கைப் பார்த்து ஒரு குத்து விட்டாள். அவர் ரத்தத்தோடு சுருண்டு உட்கார்ந்தார். அந்த நேரம் பார்த்துத் திமிங்கிலம் ஒன்று அடியிலிருந்து இடித்ததில் படகு சாய்ந்தது. குட்டி வழுக்கிக்கொண்டு கடலைப் பார்த்துப் போனது. அவள் குப்புற விழுந்து, அடித்த அதே கையால் அதன் துடுப்பைப் பிடித்தாள். ஒரு முழம் தள்ளி, பல் வரிசையோடு ஒரு கருப்புத் தலை எழுந்தது. அவள் விடாமல் இழுத்தாள்.

குட்டி திரும்பி அவள் கையைக் கடித்தது. எலும்பு நொறுங்கும் சத்தம் அவளுக்கே கேட்டது. அதை முழுசாகப் படகுக்குள் போட்ட பிறகுதான் கையைப் பார்த்தாள். இரண்டு விரல்களைக் காணோம்.

படகு கரை சேர்ந்ததும் புருஷன் அதற்குள் ஓடிவந்து அவளைத் தூக்கினான். அன்றைக்கு வாந்தி எடுக்க அவனுக்கு நினைவே வரவில்லை. "காப்பாத்துனவ கையையே கடிச்சிருக்கே, அதுக்குக் கொஞ்சமாவது நன்றி இருக்கா?" என்று அழுதான்.

"குத்துனவன் யாரு, தூக்குனவ யாருன்னு அதுக்கு எப்படிய்யா தெரியும்? ரெண்டு பேரும் மனுஷங்கதானே?"

அதிகாரி சொன்னபடியே செய்தார். உரிமம் போனது. படகை இப்போது நாத்தனார் ஓட்டுகிறாள். காலையில் டிக்கெட் ஜன்னலிலிருந்து, "கழியைக் கட்டிட்டியா?" என்று ஒரு குரல் போகும். கட்டிவிட்டதாகப் பதில் வரும். படகு புறப்படும்போது பளார் அக்கா ஜன்னலைச் சாத்திக்கொண்டு அழுவாள். எத்தனை நாளானாலும் அந்த அழுகை மட்டும் குறையவில்லை.

நேற்று ஒருவர் வந்து, "கடல்நாயைக் கிட்டத்துல பாக்க முடியுமா?" என்று கேட்டார்.

மூன்று விரல் கையை ஜன்னல் வழியாக நீட்டினாள். "நான் இவ்வளவு கிட்டப் பாத்திருக்கேன். உங்களுக்கு எவ்வளவு கிட்டப் பாக்கணும்?"