கட்டிலுக்குக் கால் முளைத்த நாள்

என் அண்ணனுக்குத் தெருவில் ‘யோசனை’ என்று பெயர். அவர் தலை தெரிந்தால் போதும், டீக்கடையில் யாராவது ஒருவர், “யோசனை வருது, தள்ளி நில்லுங்க, மேல விழுந்துடப் போவுது” என்பார். அண்ணனும் சேர்ந்து சிரித்துவிட்டு வருவார். வீட்டு வாசலைத் தாண்டிய பிறகுதான் அந்தச் சிரிப்பு அவர் முகத்தை விட்டு இறங்கும்.

உயரமான கட்டடங்களின் வெளிச்சுவருக்குப் பெயின்ட் அடிப்பது அவர் தொழில். மொட்டைமாடியிலிருந்து தொங்கும் கயிற்றில் ஒரு பலகை, பலகையில் அவர். காலால் சுவரை உதைத்து விலகுவார், திரும்பி வருவார், அடிப்பார். மழைக்காலத்தில் அந்த வேலை இருக்காது. வியாபார யோசனைகள் எல்லாம் அப்போதுதான் வரும். ஒருமுறை, மூடப்போகிற தொழிற்சாலையில் மலிவாகக் கிடைக்கிறது என்று சுவர்க்கடிகாரங்களை மூட்டையாகக் கட்டி வாங்கிவந்தார். யாருக்கு வேண்டும் என்று ஒரு வீட்டிலும் கேட்டிருக்கவில்லை. எல்லா வீட்டிலும் கடிகாரம் இருந்தது. கட்டிலுக்கடியில் அத்தனையும் சேர்ந்து ஓடிய சத்தம் தாங்காமல் அண்ணி ஒவ்வொன்றாகப் பேட்டரியைப் பிடுங்கினார். அப்புறம் அண்ணன் வண்ணமீன் வளர்த்தார். தொட்டியில் மீன்கள் மல்லாந்து மிதந்த காலையில் அண்ணி சொன்னார்: “பாவம், அதுங்களுக்குக்கூட உங்க யோசனை ஒத்துக்கல.”

நான் அந்த வீட்டில் ஒரு மூலையில் தையல் மெஷினோடு இருப்பவள். பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து அண்ணன் வீடுதான் எனக்கு வீடு. அதிகம் பேசமாட்டேன்.

ஒருநாள் அண்ணன் கயிற்றில் தொங்கிக்கொண்டு வேலை செய்தபோது, படிக்கட்டு ஜன்னல் வழியாக ஒரு பீரோவைப் பார்த்திருக்கிறார். குடிவந்தவர்கள் அதைத் தூக்கிக்கொண்டு ஏறுகிறார்கள். படி திரும்பும் இடத்தில் பீரோ திரும்பவில்லை. சாய்த்தார்கள், நிமிர்த்தினார்கள், ஒருவரை ஒருவர் திட்டினார்கள். கடைசியில் கீழேயே விட்டுவிட்டுப் போனார்கள். அவர்கள் போன பிறகும் அண்ணன் பிரஷ்ஷை நனைக்காமல் தொங்கிக்கொண்டே இருந்தார் என்று மூக்கன் சொன்னார். மூக்கன் அவரோடு வேலை செய்பவர். பேருக்கு ஏற்ற மூக்கு.

அன்றைக்குச் சாப்பிடும்போது அண்ணன், “இத்தனை நாளா என் கையில இருக்கறத யார் தலையில கட்டலாம்னு பாத்தேன்” என்றார்.

“என் தலையிலதான் கட்டினீங்க” என்றார் அண்ணி.

“கேளு. இனிமே ஜனங்க எங்க மாட்டிக்கிட்டு முழிக்கறாங்கன்னு மட்டும் பாக்கப் போறேன். படி திரும்பற இடத்துல மாட்டறாங்க. வெளிச்சுவத்துல ஏத்திட்டா? கயிறு எங்கிட்ட இருக்கு. கப்பி இருக்கு.”

வேலை இல்லாத நாட்களில் அண்ணன் வீட்டுச் சாமான் இறங்கும் தெருக்களைத் தேடிப் போனார். சில நாள் என்னையும் கூட்டிப்போனார். அவர் வண்டியைப் பார்க்கவில்லை, சாமானைப் பார்க்கவில்லை. தூக்குகிறவர்களின் முகத்தையே பார்த்தார். யாராவது பெருமூச்சு விட்டுத் தலையைச் சொறிந்தால் அருகில் போய், “என்னங்க, எங்க இடிக்குது?” என்று கேட்டார். அவர் கேட்டதை முதல்முறையாக அங்கேதான் பார்த்தேன். கடிகாரம் வாங்கிய மனுஷர் யாரையும் எதுவும் கேட்டதில்லை.

அண்ணி ஒரே ஒரு நிபந்தனை போட்டார். “இதுதான் கடைசி. முதல் வேலையிலயே சொதப்பினீங்கன்னா எங்க அண்ணன் குடோன்ல காவலுக்குச் சேந்துடணும். அப்புறம் கயிறும் வேணாம், யோசனையும் வேணாம்.”

அண்ணன் சரி என்றார். மச்சானிடம் கைகட்டி நிற்பதை நினைத்தாலே அவருக்குச் சோறு இறங்காது. இருந்தும் சரி என்றார்.

முதல் வேலை தானாக வந்தது. பக்கத்துத் தெருவில் லிஃப்ட் இல்லாத கட்டடம். நாலாவது மாடியில் ஒரு டீச்சர். அவர் கணவருக்கு நெஞ்சில் சளி கட்டி, படுத்தால் மூச்சு முட்டும். தலைப்பக்கம் உயர்த்தி வைக்கிற ஆஸ்பத்திரிக் கட்டில் வீட்டில் இருந்தால்தான் அனுப்புவோம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கட்டில் வந்தது. கொண்டுவந்தவர்கள் படியின் திருப்பத்தைப் பார்த்தார்கள், கட்டிலைப் பார்த்தார்கள், வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். கழற்ற முடியாதபடி முழுவதும் வெல்டிங் வைத்த இரும்பு. மத்தியானம் ஆம்புலன்ஸில் கணவர் வருகிறார்.

“முடியுமாப்பா?” என்று டீச்சர் கேட்டார்.

“முடியும் டீச்சர்” என்றார் அண்ணன். ‘முடியும்’ என்ற சொல்லில் அவர் குரல் கொஞ்சம் இறங்கியதை நான் கவனித்தேன்.

மொட்டைமாடியில், எப்போதும் வைப்பதுபோல ஓர் இரும்புப் பைப்பைக் கைப்பிடிச்சுவருக்கு வெளியே நீட்டி, முனையில் கப்பியை மாட்டினார்கள். பைப்பின் மறுமுனையைத் தண்ணீர்த்தொட்டித் தூணோடு இறுக்கினார்கள். மூக்கன், அண்ணி, அண்ணன் மூவரும் கயிற்றைப் பிடித்து இழுத்தார்கள். கட்டில் தரையை விட்டு எழுந்தது. முதல் மாடி ஜன்னலைத் தாண்டும் வரை நன்றாக வந்தது. இரண்டாவது மாடி சன்ஷேடில் லேசாக உரசியது. மூன்றாவது மாடியின் சன்ஷேடுக்கு அடியில் போய் டங்கென்று முட்டி நின்றது.

எட்டிப் பார்த்த அண்ணனின் முகம் வெளுத்தது. என்ன தவறு என்று அவருக்கு உடனே புரிந்துவிட்டது.

“பைப்ப கம்மியா நீட்டிட்டேன்” என்றார்.

“எப்பவும் இவ்ளோதானே நீட்டுவோம்?” என்றார் மூக்கன்.

“அது நமக்குடா! நாம சுவத்துல ஒட்டித் தொங்கினாத்தான் பிரஷ் எட்டும். சன்ஷேடு வந்தா உதைச்சு விலகிக்குவோம். கட்டிலுக்கு நாலு கால் இருக்கு, உதைக்கத் தெரியுமா?”

கட்டில் தொங்கும்போது பைப்பை அவிழ்த்து நீட்ட முடியாது. இறக்கி முதலிலிருந்து தொடங்க நேரம் இல்லை. தெருமுனையில் ஆம்புலன்ஸின் சத்தம் கேட்டது.

அண்ணன் கயிற்றின் வாலைத் தூணில் ஒரு சுற்றுச் சுற்றி மூக்கன் கையில் கொடுத்தார். தன்னுடைய வேலைக்கயிற்றையும் பலகையையும் எடுத்துத் தூணில் கட்டினார். “நான் இறங்கி அதுக்குக் காலா இருக்கேன். உதைச்சுத் தள்ளும்போது நீங்க இழுங்க.”

“வேணாங்க” என்றார் அண்ணி. “குடோனுக்கே போங்க. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன், வேணாம்.”

அண்ணன் தன் கயிறு சுவர் விளிம்பில் உரசாமல் இருக்கச் சாக்கை மடித்து அடியில் வைத்தார். “பாப்பா, நீ சாக்க மட்டும் பாத்துக்கோ” என்று என்னிடம் சொல்லிவிட்டு இறங்கினார்.

கீழே அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் தொங்கினார். முதுகைக் கட்டிலோடு சேர்த்து, இரண்டு காலையும் சுவரில் ஊன்றி, “இழு!” என்று கத்தினார். கட்டில் வெளியே விலகியது. மூக்கனும் அண்ணியும் இழுத்தார்கள். சன்ஷேடின் விளிம்பை ஒரு முனை தாண்டியது. மறுமுனை மாட்டியது. மறுபடியும் உதைத்தார். அவர் ஊசலாடிய ஒவ்வொரு தடவையும் என் முன்னால் கயிறு பக்கவாட்டில் நகர்ந்தது. சாக்கும் நகர்ந்தது. அடுத்த உதையில் சாக்கு நழுவிக் கீழே போய்விட்டது.

கயிறு நேராகச் செங்கல் விளிம்பில் அறுபட ஆரம்பித்தது. ஒரு இழை எழும்பி நின்றது. பிறகு இன்னொன்று. தோளில் இருந்த துணியைச் சுருட்டி உள்ளே தள்ளப் பார்த்தேன். அவர் எடை முழுவதும் தொங்கும் கயிற்றுக்கு அடியில் விரல்கூட நுழையவில்லை. அண்ணியைத் தொட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு இழுத்துக்கொண்டிருந்தார். விட்டால் கட்டில் அண்ணன் மேல் இறங்கும்.

கைப்பிடிச்சுவரில் வயிற்றை அழுத்திக் குனிந்து கத்தினேன். “அண்ணா! சன்ஷேடு மேல ஏறு! கயிறு அறுபடுது, ஏறி நில்லு!”

அப்படி ஒரு சத்தம் எனக்குள் இருந்தது யாருக்கும் தெரியாது. கீழே தெருவில் நின்றவர்கள்கூட நிமிர்ந்தார்கள். அண்ணன் என்னைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார். ஒரு காலை எடுத்துச் சன்ஷேடில் வைத்தார். அது மழையில் பாசி பிடித்திருந்தது. வழுக்கியது. மறுபடி வைத்தார். நின்றார். கயிறு தளர்ந்தது. துணியை உள்ளே திணித்துவிட்டுக் கையை எடுத்தேன்.

“வெச்சுட்டேன்!”

அவர் சன்ஷேடிலிருந்தபடியே கட்டிலின் மறுமுனையைப் பாதத்தால் தள்ளினார். அது தாண்டியது. அதற்கப்புறம் அவர் ‘இழு’ என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. கட்டில் நாலாவது மாடி பால்கனி மட்டத்துக்கு வந்ததும் டீச்சரும் பக்கத்து வீட்டுக்காரர்களும் சட்டத்தைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டார்கள். பிறகு கைகொடுத்து அண்ணனையும் அதே பால்கனிக்குள் ஏற்றினார்கள்.

நாங்கள் இறங்கிப் போனபோது டீச்சரின் கணவரை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கி வந்துகொண்டிருந்தார்கள். படி திரும்பும் இடத்தில் அவர்களும் தடுமாறினார்கள். நாற்காலி சாய்ந்தது. பெரியவர் நாற்காலியின் இரண்டு கைகளையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஒருவழியாகத் திருப்பி மேலே கொண்டுபோனார்கள். அவரைக் கட்டிலில் சாய்த்து, டீச்சர் கைப்பிடியைச் சுழற்றித் தலைப்பக்கத்தை உயர்த்தினார். அவர் ஒரு மூச்சு முழுவதுமாக இழுத்தார். எல்லோரும் கட்டிலைச் சுற்றி நின்றார்கள்.

அண்ணன் மட்டும் கட்டிலைப் பார்க்கவில்லை. காலியாகக் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணி அதைப் பார்த்துவிட்டார்.

“வேணாம். ஆளுங்கள தூக்கற யோசனைய இன்னைக்குப் பேசக்கூடாது.”

“நான் ஒண்ணுமே சொல்லலியே.”

“மூஞ்சி சொல்லுது.”

வெளியே வரும்போது அண்ணியின் போன் அடித்தது. குடோன்காரர், அவருடைய அண்ணன். மாப்பிள்ளை எப்போது வந்து சேருவார் என்று கேட்டிருக்க வேண்டும். அண்ணன் செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்து நின்றார். செருப்பு காலில்தான் இருந்தது.

கயிறு தோலை உரித்திருந்த உள்ளங்கையை அண்ணி ஊதிக்கொண்டே பேசினார்.

“நாளைக்கா? நாளைக்கு எங்க வராரு? இன்னும் நீளமா ஒரு பைப்பு வாங்கப் போகணும்ணே.”