தலைக்குச் சேராத தொப்பி

மரக்காணத்தை அடுத்த எங்கள் கடலோரக் குப்பத்தில் 2005 வரை எவரும் கம்பளியைத் தொட்டதில்லை. வெயில் அதற்கு இடம் கொடுத்ததுமில்லை. சுனாமிக்குப் பிறகு பெண்களுக்குப் பின்னல் கற்பிக்கக் கோட்டக்குப்பத்திலிருந்து ஒரு டீச்சர் பஸ்ஸில் வந்தார். ஊட்டிக் கடைகளுக்குத் தொப்பி வேண்டுமாம். மாதிரித் தொப்பி தேறினால் வீட்டிலிருந்தே வேலை கிடைக்கும். படகை இழந்த எங்களுக்கு அந்த வேலை கிடைத்தே ஆகவேண்டும். அம்மா பின்னியதை அணிந்து எல்லோர் முன்பும் நிற்கவேண்டியவள் நான். பத்து வயதிலேயே எனக்கென்று ஒரு மதிப்பு இருந்தது.

கொடுத்த நூலே சோதனை. வெள்ளை நூல் கையால் நூற்றது. ஓரிடத்தில் கயிறு, அடுத்த சாணில் வெறும் இழை. இன்னொரு நூலில், ஒரே இழையிலேயே சிவப்பு, பச்சை, வெளிர்மஞ்சள் என நிறம் மாறிக்கொண்டே வரும். வெள்ளையின் நடுவே அதைக் கொண்டு மீன்கள் பின்னவேண்டும். மஞ்சள் வந்த இடத்தில் மீன் மறைந்துபோகும். முதல் மீனுக்கு வாலே இல்லை.

இது போதாதென்று அம்மா, வரிசை முடியும் முன்பே வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைக்கு ஓடிவிடுவார், திரும்பிவந்து படுத்துக்கொள்வார். பொறுப்பின்மை என்று மனத்துக்குள் கண்டித்தேன். கிடந்த ஊசிகளை எடுத்து அப்பாவே பின்ன ஆரம்பித்தார். தெருவில் போனவர்கள் விடவில்லை.

"இன்னாண்ணே, ஊட்டிக்கு மீன் புடிக்கப் போறியா?"

நான் கதவைச் சாத்தினேன். நிறம் மாற்றும்போது, சும்மா இருக்கும் நூலைப் பின்புறம் தளர்வாக ஓடவிடவேண்டும். வலைக்கு முடிச்சுப் போட்டுப் பழகிய அப்பாவின் கையோ ஒவ்வொரு முறையும் அதைச் சுண்டி இறுக்கியது.

"இழுக்காதப்பா, லூசா உடணும்னு டீச்சர் சொன்னாங்க."

"லூசா உட்டா மீனு ஓடிடும்மா."

பார்வையிடும் நாளில் தொப்பி என் உச்சந்தலையில் டம்ளர் மூடிபோல் உட்கார்ந்தது. டீச்சர் இரு கைகளாலும் இழுத்தும் காதுவரை வரவில்லை.

"பொண்ணு தலைய அளந்தியா, தேங்காய அளந்தியாடி?" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. குப்பமே சிரித்தது.

"மீனு நல்லாத்தான் இருக்குது. பிரிச்சிட்டு, லூசா பின்னி எடுத்துட்டு வாங்க" என்றார் டீச்சர்.

அம்மா மறுத்துவிட்டார். வேறு நூல் வேண்டுமாம். வேலையே கைநழுவும் நேரத்தில் இப்படியொரு பிடிவாதம்! டீச்சர் அம்மாவை மேலும் கீழும் பார்த்தார். சிரித்துக்கொண்டே பையிலிருந்து புது நூல் எடுத்துக் கொடுத்தார். அந்த நூலில் பின்னிய தொப்பி பிற்பாடு தேறியது. அது வேறு விஷயம்.

அன்று வீடு திரும்பியதும் பொரிந்து தள்ளினேன். "பிரிச்சுடும்மா. இது யாரு தலைக்கும் சேராது."

அப்பா தொப்பியைத் தம் முஷ்டியில் மாட்டித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இருக்கட்டும்டி. தலை வரும்" என்றார் அம்மா.

"யாரு தலை?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். தலையே இல்லாத தொப்பியைத் துவைத்து, உலர்த்தி, டிரங்குப் பெட்டியில் பத்திரப்படுத்தும் இவர்களை வைத்துக்கொண்டு எப்படிக் குடித்தனம் நடத்துவது என்று எனக்கு விளங்கவில்லை.