டேட் நைட்டுக்கு வந்த எங்கள் புஷ்பம் அக்கா

புஷ்பம் அக்கா போய்விட்டார். இன்று காலை, போர்ட் பிளேர் ஆஸ்பத்திரியில்... நெஞ்சுவலி என்று நாலு நாளைக்கு முன்னால் சேர்த்திருக்கிறார்கள். சென்னையில் இருக்கிற எனக்கு அதுகூடத் தெரியாது.

அந்தமானில், வண்டூரில் கடலை ஒட்டி நான் வெயிட்டராக இருந்த ரெஸ்டாரண்டில் அவர்தான் மெயின் குக். ஆறு வருடம் ஒரே ஷிஃப்ட்.

சனிக்கிழமை சாயங்காலம் அங்கே தோட்டத்தில் வெள்ளைத் திரை கட்டிப் படம் போடுவோம். வாசல் போர்டில் 'டேட் நைட்' என்று எழுதியிருக்கும். மெயின்லேண்டிலிருந்து வருகிற ஜோடிகளால் டேபிள் எல்லாம் நிரம்பிவிடும்.

கிச்சன், திரைக்குப் பின்னால். அக்கா அடுப்பில் நின்றபடி ஜன்னல் வழியாகப் படத்தை இடம் வலம் மாறித்தான் பார்ப்பார். "என்னல, எல்லா ஹீரோவும் இடது கையாலயே அடிக்கான்?" என்பார். நாங்கள் சிரித்துச் சிரித்து...

ஒருநாள் மீன் கழுவிக்கொண்டே கேட்டார். "டேட்டுன்னா என்னல?"

"ஜோடியா வந்து, சாப்பிட்டு, படம் பாக்கறது, அக்கா."

"கல்யாணம் ஆனவங்க வரக் கூடாதோ?"

"வரலாமே..."

"அப்ப அடுத்த சனிக்கிழம எனக்கு லீவு. முன்னாடி டேபிள் ஒண்ணு எழுதிப் போடு. மிஸ்டர் அண்ட் மிசஸ் அந்தோணி."

வந்தார்கள். அக்கா பச்சைப் பட்டுப்புடவையில். அந்தோணி அண்ணன் படகில் மீன்பிடிக்கப் போகிறவர். அன்று இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, கழுத்துப் பட்டன் உட்பட எல்லாம் பூட்டி.

உட்கார்ந்து பத்து நிமிடம் இருக்காது, மேனேஜர் வந்தார். "தீதி, மெயின்லேண்ட் கெஸ்ட் ஆயே ஹை... ஆப் லோக் கிச்சன் சைட் பைட்டியே நா." அவர்களுக்கு இடம் விட்டு நீங்கள் கிச்சன் பக்கம் போங்கள் என்கிறார். நம்ம ஸ்டாஃப்தானே என்ற தைரியம்.

அண்ணன் உடனே எழுந்துவிட்டார். "வா பிள்ள, அங்கனயே இருப்போம். நமக்கென்ன."

அக்கா அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார். குரலை உயர்த்தவே இல்லை. "சாப், ரோஜ் மே ஸ்டாஃப். ஆஜ் மே கஸ்டமர். நஹி உட்டூங்கி." தினமும் நான் ஸ்டாஃப், இன்றைக்குக் கஸ்டமர், எழுந்திருக்க மாட்டேன். அவ்வளவுதான்.

பக்கத்து டேபிள்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் பேசி எழுப்பிவிடுவேன் என்று நினைத்திருப்பார்.

வேலை போனால் போகட்டும் என்று மெனு கார்டை அக்கா முன்னால் விரித்து வைத்தேன். "குட் ஈவினிங் மேடம். என்ன சாப்பிடுறீங்க?"

மேனேஜர் நகர்ந்துவிட்டார்.

மீன் வறுவல் கொண்டு வைத்தேன். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "உப்பு பத்தல. உங்க நல்ல குக் இன்னைக்கு வரலையோ?" என்றார், முகத்தில் சிரிப்பே காட்டாமல். அண்ணனுக்குப் புரையேறிவிட்டது.

படம் ஹிந்தி. வேகமாகப் பேசினால் அண்ணனுக்குப் பிடிபடாது. அக்கா அவர் காதோரம் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். முடிகிறவரை இரண்டு பேரும் அசையவில்லை.

அதோடு விட்டாரா... அடுத்த ஸ்டாஃப் மீட்டிங்கில் எழுந்து நின்றார். "நாங்களும் குடும்பத்தோட உக்காந்து பாக்கணும். ஆளுக்கொரு சனிக்கிழம குடுங்க."

கொடுத்தார்கள்! பாத்திரம் கழுவுகிற பெங்காலிக்காரர் மனைவியோடு வந்தார். போர்ட் பிளேர் ஜங்லிகாட்டிலிருந்து என் அம்மாவும் அப்பாவும் ஸ்கூட்டரில் வந்தார்கள். அம்மாவுக்கு அக்காவே வந்து பரிமாறினார்.

புஷ்பம் அக்காவோடு வேலை பார்த்தவன் என்று சொல்வதில் எனக்கு ஒரு கெத்து உண்டு. இன்றைக்கும்.

சற்று முன் அண்ணனிடம் பேசினேன். "அவளப் பத்தி எழுதுப்பா. நாலு பேரு தெரிஞ்சிக்கிடட்டும்" என்றார்.

எழுதிவிட்டேன் அண்ணே. நாளைக் காலை ஃப்ளைட்டில் வருகிறேன்.

போய் வாருங்கள் அக்கா...