சண்முகவடிவு லேப்டாப்பைச் சுத்தம் செய்த கதை

சண்முகவடிவுக்கு அழுக்கைக்கூடப் பொறுத்துக்கொள்ள முடியும். கேட்காமல் வந்து சேரும் பொருளைப் பொறுக்க முடியாது. வாடகை வீட்டுக்குக் குடிபோனால், முன்பு இருந்தவர்கள் சுவரில் அடித்த ஆணிகளைப் பிடுங்கிய பிறகுதான் பால் காய்ச்சுவாள். அவள் கணவர் சிவனணைந்தபெருமாள் நேர் எதிர். தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிற சாலையில் கயிறு, மிதவை, பெயின்ட் விற்பவர். கூட வந்தது எதுவானாலும் அவருக்கு லாபம்தான். படகுச் சாமான் விற்றே தலை நரைத்தவர், ஒருநாளும் படகில் கால் வைத்ததில்லை என்பது வேறு விஷயம். கடல் என்றால் அவருக்கு அவ்வளவு பயம்.

கடைக் கணக்கைச் சண்முகவடிவுதான் பார்த்தாள். பழைய கம்ப்யூட்டர் படுத்துவிடவே புது லேப்டாப் வந்தது. சென்னையில் கடல்வாழ் உயிரின ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலை பார்க்கும் மகள் பிரேமா போனில் எச்சரித்தாள்.

“அம்மா, கணக்குப் போடுங்க, வீடியோ கால்ல பேசுங்க. வேற எதையும் நோண்டாதீங்க. வேண்டாததை எல்லாம் நான் வந்து எடுத்துத் தாரேன்.”

அதுவரை பொறுக்கிற ஆளா அவள்? லேப்டாப்பைத் திறந்தால் உள்ளே ஏற்கெனவே ஒரு கூட்டம் குடியிருந்தது. கொஞ்ச நாளைக்கு மட்டும் இலவசமாம், ஒரு வைரஸ் காவல்காரன். மூலையில் சிவப்பாக எழும்பி எழும்பி ஆபத்து ஆபத்து என்று மிரட்டியது. எந்த ஊருக்கோ மழை வரும் என்றது இன்னொன்று. சினிமா பார்க்கக் கூப்பிட்டது ஒன்று. போதாததற்குச் சீட்டு விளையாட்டு.

“இவனுவள யாரு உள்ள விட்டது?”

“ஏளா, கூட வந்ததுதானே? இருந்துட்டுப் போகட்டும்” என்றார் அவர்.

“இருந்து? இடத்த அடைச்சுக்கிட்டுக் கெடக்கும், உங்க பரண் மாதிரி.”

சீட்டு விளையாட்டையாவது விட்டுவைக்கச் சொல்லிக் கெஞ்சினார். அது முதலில் போனது. நிச்சயமாக நீக்கவா என்று லேப்டாப் கேட்கும்போதெல்லாம், “பின்ன?” என்று வாய்விட்டே பதில் சொன்னாள். தெரிந்தவை தீர்ந்ததும் தெரியாத பெயர்களில் கை வைத்தாள். ஆடியோ டிரைவர் என்று ஒன்று கண்ணில் பட்டது. கணக்குப் பார்க்கிற இடத்தில் பாட்டு எதற்கு என்று அதையும் தூக்கினாள்.

அன்று சாயங்காலம் பிரேமா வீடியோவில் வந்தாள். உதடு அசைந்தது. சத்தம் இல்லை.

“ஏளா, ஒண்ணும் கேக்கலியே” என்று மனைவியின் காதோரம் முணுமுணுத்தார்.

சண்முகவடிவுக்குப் புரிந்துவிட்டது. மேசைக்கு அடியில் அவர் தொடையைக் கிள்ளிக் கிசுகிசுத்தாள். “நோண்டுனது தெரிஞ்சா மானம் போயிரும். சிரிச்சுக்கிட்டே தலைய ஆட்டுங்க.”

பிரேமா ஏதோ நெடுநேரம் பேசினாள். இடையில் கண் கலங்கினாள். கடைசியாக ஒன்று கேட்டுவிட்டு இருவரையும் உற்றுப் பார்த்தாள். அப்பா தலையாட்டினார். அம்மா கட்டைவிரலை வேறு உயர்த்திக் காட்டினாள். மகள் குதிக்காத குறை. கை கூப்பிவிட்டுப் போனாள்.

“சாப்பிட்டாச்சான்னு கேட்டிருப்பா” என்றாள் சண்முகவடிவு.

“அதுக்கா கண்ணு கலங்கும்?”

சற்று நேரத்தில் போனுக்குச் செய்தி வந்தது. ‘ரொம்ப தேங்க்ஸ்! அப்பா ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லலையே! தூத்துக்குடி முத்துச்சிப்பி ஆய்வுக் குழுவில் சேர்றேன்னு இப்பவே சொல்லிட்டேன். கடலுக்கு அடியில முங்கிப் பார்க்கிற வேலை. இனி நம்ம வீட்டுலேருந்தே போவேன்.’

சிவனணைந்தபெருமாளுக்கு வேர்த்துவிட்டது. இதே வேலைக்குப் போகட்டுமா என்று அவள் முன்பு கேட்டபோது, கடலுக்குள் இறங்குகிற பேச்சே கூடாது என்று சத்தம் போட்டவர் அவர்.

“கூப்பிட்டுச் சொல்லு, எங்களுக்கு எதுவும் கேக்கலன்னு.”

“நீங்களே சொல்லுங்க.”

போனைக் கையில் எடுத்தார். வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். பிறகு போனைக் கீழே வைத்தார்.

“எப்படிச் சிரிச்சா பாத்தியா?” என்றார். குரல் இறங்கியிருந்தது. “அதைப் போயி எப்படிக் கெடுக்க?”

மகள் வீட்டுக்கு வரும் சந்தோஷமும் கடல் பயமும் சண்முகவடிவுக்குள் மாறி மாறி வந்துகொண்டிருந்தன. கை மட்டும் லேப்டாப்பை அணைத்து மறுபடி போட்டது. அது தானாகவே இணையத்திலிருந்து என்னத்தையோ இறக்கிக்கொண்டு எழுந்தபோது சத்தம் திரும்பியிருந்தது. கூடவே சீட்டு விளையாட்டும். அவர் முகத்தைப் பார்த்து, அதை மட்டும் விட்டுவைத்தாள்.

பிரேமா முதல் தடவை கடலில் இறங்கிய அன்று, கயிறு கொடுக்கப் போகிறேன் என்று படகுத்துறைக்குப் போனவர், படகு திரும்பும்வரை வெயிலில் நின்றார். ஈரத் தலையோடு மகள் இறங்கியதும், “இந்தப் பக்கம் வேலையா வந்தேன்” என்றார்.

அன்று சாப்பிடும்போது பிரேமா கேட்டாள்: “அப்பா, அன்னைக்கு எப்படி ஒரே பேச்சுல சம்மதிச்சீங்க?”

“நீ எடுத்துச் சொன்ன விதம் அப்படி, மக்கா” என்றார் சிவனணைந்தபெருமாள்.

சண்முகவடிவு ரசம் எடுக்க அடுப்பங்கரைக்கு ஓடினாள். ரசம் மேசையில்தான் இருந்தது.